பெயர்களை மறையுங்கள், சூத்திரத்தைத் தொங்கவிடுங்கள்



நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கோபம் வந்தால் கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள். பதில் சொல்ல நாங்கள் ஊரில்தான் இருக்கிறோம்.

போன கிழமை ஒரு பட்டியல் வட்ஸ்அப்பில் சுற்றியது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து, சீருடை கொடுக்கும் உதவிப் பட்டியல். 62 குடும்பங்களின் பெயர். பக்கத்தில் ஒரு இலக்கம், நிலை 1, 2, 3 என்று. முதல் 40 குடும்பத்துக்கு உதவி. மிச்சம் 22 குடும்பத்துக்கு "அடுத்த முறை, இன்ஷா அல்லாஹ்". எந்தக் குழு செய்தது என்பதை இங்கே எழுத மாட்டோம். செய்தவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஒரு சதமும் எடுக்கவில்லை. இந்தப் பதிவு ஆளைப் பற்றியது இல்லை, கணக்கைப் பற்றியது.

கடைசி இடங்களில் ஒன்றில் ஒரு ராத்தாவின் பெயர். கணவன் மௌத்தாகி நாலு வருடம். மூன்று பிள்ளைகள். நாநாவின் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறா. இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறா. எங்களில் ஒருவரைப் பாடசாலை வாசலில் மறித்துக் கேட்டா: "சேர், என்னைவிடக் கஷ்டப்பட்ட ஆக்கள் அறுபது பேர் இந்த ஊரில இருக்கினமா? இருந்தா எனக்குச் சந்தோசம்தான். கணக்கை மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ."

நாங்கள் போய்க் கேட்டோம். கிடைத்த பதில் இரண்டே சொல்: "கொம்பியூட்டர் போட்டது."

இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு. இனி எங்கள் ஊரில் ஒருவரும் இந்தப் பதிலைச் சொல்லக் கூடாது, ஒருவரும் இந்தப் பதிலை ஏற்கவும் கூடாது.

கொம்பியூட்டர் ஒன்றையும் "போடுவதில்லை". அதற்கு அந்த ராத்தாவையும் தெரியாது, இடியப்பத்தையும் தெரியாது. யாரோ ஒரு ஆள் ஒரு சூத்திரம் எழுதினார். அந்தச் சூத்திரம் 62 நிரையிலும் ஓடியது. அவ்வளவுதான்.

தரம் 10 பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்கிறோம். ஒரு அட்டவணையில் இரண்டு வகை நிரல் இருக்கும். ஒன்று, கேட்டு எழுதிய நிரல்: பெயர், வருமானம், வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை. மற்றது, கணித்து எழுதிய நிரல்: முதல் வகையை வைத்துக் கூட்டி, பிரித்து, ஒப்பிட்டுப் புதிதாகச் சேர்ப்பது. தலைக்கு வருமானம், மொத்தம், சராசரி, நிலை எல்லாம் இந்த வகை. முதல் வகையில் பிழை இருந்தால் ஆளைக் கேட்டுத் திருத்தலாம். இரண்டாம் வகையில் பிழை இருந்தால் சூத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். சூத்திரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிழையும் தெரியாது.

அந்தக் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் கோப்பை எங்களுக்குத் தந்தார். அல்லாஹ் அவருக்கு நன்மை தரட்டும். தராமல் விட்டிருந்தால் இது வெறும் வாய்ச்சண்டையாகப் போயிருக்கும். திறந்து பார்த்தோம். எக்ஸெல் கோப்பு. "தலைக்கு வருமானம்" என்ற ஒரு நிரலை ஒளித்து வைத்திருந்தார்கள். மாத வருமானத்தை அங்கத்தவர் எண்ணிக்கையால் பிரித்திருந்தார்கள். சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நிலை போட்டிருந்தார்கள். யோசனை நல்லதுதான். நாங்களும் அப்படித்தான் தொடங்கியிருப்போம்.

ராத்தாவின் நிரையைப் பார்த்தோம். அங்கத்தவர் எண்ணிக்கைக் கலம் வெற்று. நாநாவின் குடும்பத்தோடு சேர்த்து எண்ணுவதா, தனியாக எண்ணுவதா என்று படிவம் நிரப்பிய பிள்ளைக்கு விளங்கவில்லை. அதனால் விட்டுவிட்டார். வெற்றுக் கலத்தால் பிரித்தால் எக்ஸெல் பூச்சியத்தால் பிரித்ததாக எடுத்துப் பிழைக் குறி காட்டும். வரிசைப்படுத்தும்போது பிழைக் குறி உள்ள நிரைகளை எல்லா இலக்கத்துக்கும் கீழே தள்ளிவிடும். இதையே பைத்தனில் செய்திருந்தால் இன்னும் வேடிக்கை. அட்டவணை வேலைக்காகப் பலரும் பயன்படுத்தும் பாண்டாஸ் நூலகம் வெற்றாக இருந்தால் விடையையும் வெற்றாக விடும். அந்தக் கலத்தில் யாராவது பூச்சியம் அடித்திருந்தால் விடை முடிவிலி என்று வரும். அதாவது, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இடியப்பம் அவிக்கிற ராத்தா ஊரிலேயே பெரிய பணக்காரி. கொம்பியூட்டர் வெட்கப்படாது. வெட்கப்பட வேண்டியது நாங்கள்.

அதே பட்டியலில் மேலே மூன்றாம் இடத்தில் ஒரு மேசன் நாநா. வருமானம் 3,500 என்று இருந்தது. கேட்டால், அது நாட்கூலி. மற்றவர்களுக்கு மாத வருமானம், அவருக்கு நாள் வருமானம், இரண்டும் ஒரே நிரலில். அவர் பொய் சொல்லவில்லை. "வருமானம் எவ்வளவு?" என்று கேட்டார்கள், உண்மையைச் சொன்னார். நிரலின் தலைப்பில் "மாதத்துக்கு, ரூபாவில்" என்று எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

"சரி, பிழைதானே, திருத்தினால் போச்சு" என்று சிலர் சொல்வீர்கள். திருத்தலாம். திருத்தும்போதுதான் உண்மையான கேள்வி வரும். மேசனின் நாட்கூலியை மாத வருமானமாக மாற்ற எத்தனையால் பெருக்குவது? 26 நாளா, 15 நாளா? மாரி காலத்தில் யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை எத்தனை நாள் கிடைக்கும்? 26 போட்டால் அவர் பட்டியலை விட்டு வெளியே. 15 போட்டால் உள்ளே வரவும் கூடும். வெளிநாட்டில் இருக்கும் மகன் எப்போதாவது அனுப்பும் காசு வருமானமா? கடன் கட்டும் தொகையைக் கழிப்பதா? கைக்குழந்தையையும் பெரிய ஆளையும் ஒன்று ஒன்றாக எண்ணுவதா?

இவை கணக்குக் கேள்விகள் இல்லை. இவை தீர்ப்புகள். தீர்ப்புச் சொல்லும் ஆள் முகத்தைக் காட்ட வேண்டும். சூத்திரம் எழுதிய ஆள் கொம்பியூட்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளியக் கூடாது.

இது எங்கள் ஊர்ச் சில்லறை விஷயம் என்று நினைக்க வேண்டாம். கணித்த நிரல் ஒன்று இந்த நாட்டில் என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்தவர்களை விட வேறு யாருக்குத் தெரியும்?

தரப்படுத்தல். அந்தச் சொல்லை உச்சரித்தால் இன்றைக்கும் எங்கள் தமிழ் அயலவர்களின் முகம் மாறும். 1970 - 71 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்று வந்தது. 1973இல் மொழிமூலம் மூலமாகப் புள்ளிகளைத் தரப்படுத்தினார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீட்டையும் சேர்த்தார்கள். மாவட்ட முறை யாழ்ப்பாணத்தை அடித்தது உண்மை. வன்னியிலும் கிழக்கிலும் பின்தங்கிய பாடசாலைகளில் படித்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்ததும் உண்மை. இரண்டையும் சொல்லாவிட்டால் நாங்கள் ஆசிரியர்கள் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது வேறு. விடைத்தாளில் பிள்ளை எடுத்த புள்ளி கேட்டு எழுதிய நிரல். தரப்படுத்திய புள்ளி கணித்து எழுதிய நிரல். "எந்தக் குழுவுக்குள் வைத்து ஒப்பிடுவது, மொழியா, மாவட்டமா, முழு நாடா?" என்ற ஒரு தெரிவு ஒரு தலைமுறையின் திசையை மாற்றியது.

அடுத்தது இசட் புள்ளி. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அதுதான். எங்கள் உயர்தரப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு வெட்டுப்புள்ளி என்றால் தெரியும், இசட் எப்படி வருகிறது என்று தெரியாது. கடினமில்லை. பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழிக்கவும், நியம விலகலால் பிரிக்கவும். ஒரு பாடத்தில் இடை 40, நியம விலகல் 10 என்றால், 60 எடுத்த பிள்ளைக்கு இசட் 2. இன்னொரு பாடத்தில் இடை 60, நியம விலகல் 20 என்றால், 80 எடுத்த பிள்ளைக்கு இசட் 1 மட்டும். 60 எடுத்தவர் 80 எடுத்தவரை முந்துகிறார், அது நியாயமும்தான். மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் பிரித்தால் முடிந்தது. பைத்தனில் இரண்டு மூன்று வரி.

ஆனால் இடையை யாருடைய புள்ளிகளில் எடுப்பது? 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் எழுதினார்கள். வேறு வேறு வினாத்தாள்கள். இசட் புள்ளியைக் கணித்தபோது இரண்டு தொகுதியையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்தார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்து, இரண்டையும் வேறு வேறு தொகுதியாக எடுத்துத் திரும்பக் கணிக்கச் சொன்னது. ஒரு பிள்ளையின் விடைத்தாளும் மாறவில்லை. ஒரு புள்ளியும் மாறவில்லை. குழு பிரித்த விதம் மட்டும் மாறியது. அதனால் யார் பல்கலைக்கழகம் போவது என்பதே மாறியது.

இன்று பாண்டாஸில் இதைச் செய்கிற பிள்ளைக்கு அந்தத் தெரிவு ஒரே ஒரு சொல். எந்த நிரலின்படி குழு பிரிப்பது என்று அடைப்புக்குள் எழுதும் அந்தச் சொல். 1973இல் அது "மொழிமூலம்". 2012இல் நீதிமன்றம் எழுதச் சொன்னது "பாடத்திட்டம்". அந்தச் சொல்லைப் பற்றி வழக்குப் பேச முடிந்ததற்குக் காரணம், என்ன செய்தார்கள் என்பது வெளியே தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால்? "கொம்பியூட்டர் போட்டது."

இனி எங்களைப் பற்றி.

1990 ஒக்டோபர் 30. நாங்கள் அன்றைக்குக் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. வாப்பாமார் உம்மாமார் சொல்லிக் கேட்டு வளர்ந்த கதை. ஒலிபெருக்கியில் அறிவிப்பு, ஜின்னா மைதானம், இரண்டு மணி நேரம், பிறகு புத்தளம் வரை நடையும் லொறியும். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில்தான் நாங்கள் அ, ஆ படித்தோம். ஊர் திரும்பலாம் என்ற நாள் வந்தபோது எங்களுக்கு முன்னால் ஒரு நிரல் வந்து நின்றது. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் "பழைய" இடம்பெயர்ந்தோர். அதற்குப் பிறகு இடம்பெயர்ந்தவர் "புதிய" இடம்பெயர்ந்தோர்.

பாருங்கள், இதைவிட எளிய கணித்த நிரல் உலகத்தில் இல்லை. திகதி இந்த நாளுக்கு முந்தியதா? ஆம் என்றால் "பழைய", இல்லை என்றால் "புதிய". ஒரு வரி. வன்னியில் கடைசி யுத்தத்தில் அகப்பட்ட மக்களுக்கு உடனே உதவி வேண்டியிருந்தது, அதில் எங்களுக்கு ஒரு துளி பொறாமையும் இல்லை. அவர்கள் பட்டதை நாங்கள் கண்டோம். ஆனால் அந்த ஒரு வரியால் பதினெட்டு, இருபது வருடம் அகதியாக இருந்தவர்கள் வரிசையின் பின்னுக்குப் போனார்கள். நீண்ட காலம் கஷ்டப்பட்டதே பின்தள்ளப்படக் காரணமானது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே வடக்கு முஸ்லிம்களுக்கு ஒரு விசேட குழுவும் முழுமையான அரச கொள்கையும் வேண்டும் என்று பரிந்துரைக்க வேண்டி வந்தது.

இன்னொரு நிரல், "குடும்பங்களின் எண்ணிக்கை". 1990இல் ஒரு அட்டையில் போன குடும்பம். பிள்ளைகள் முடித்து, பேரப்பிள்ளைகள் வந்து, திரும்பும்போது நாலு குடும்பம். காணி ஒன்று. பழைய அட்டையை வைத்து எண்ணினால் ஒன்று, இன்றைய அடுப்பை வைத்து எண்ணினால் நாலு. இன்னொன்று, "மீளக்குடியேறியோர்". பதிவு செய்தவரெல்லாம் குடியேறியவர் என்று கணித்தால் ஒரு தொகை. பதிந்துவிட்டு, வீடில்லாமல் திரும்பவும் புத்தளம் போய் இருப்பவரைக் கழித்தால் வேறு தொகை. எந்த இலக்கம் வேண்டுமோ அதற்கு ஏற்ற சூத்திரம் கிடைக்கும். இதை வருடக்கணக்காக அனுபவித்த சமூகம் நாங்கள். கச்சேரி வாசலிலும் பிரதேச செயலகத்திலும் "எப்படிக் கணித்தீர்கள்?" என்று கேட்டுக் களைத்த சமூகம்.

அந்தச் சமூகம் தன் சொந்த விதவைப் பெண்ணுக்கு "கொம்பியூட்டர் போட்டது" என்று சொல்லலாமா?

2023இல் அஸ்வெசும வந்தது ஞாபகம் இருக்கும். ஆறு பிரிவில் 22 குறிகாட்டிகள். அவற்றை வைத்துக் கணித்த ஒரு புள்ளி. அதன்படி சிலருக்குக் காசு, சிலருக்கு இல்லை. சமுர்த்தி எடுத்து வந்த பலரின் பெயர் இல்லாமல் போனதும் நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள், மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் போயின. அந்த முறையில் குறை பல. ஆனாலும் என்ன கேட்டு எடுத்தார்கள் என்று தெரிந்தது, மேன்முறையீட்டுக்கு ஒரு படிவமும் ஒரு திகதியும் இருந்தன. எங்கள் ஊர்ப் பட்டியலில் அதுவும் இல்லை. அரசாங்கத்தைத் திட்டுவதில் எங்களுக்கு நிகரில்லை. அரசாங்கம் தந்த அளவையாவது நாங்கள் எங்கள் ஆட்களுக்குத் தர வேண்டாமா?

இனி எங்கள் வீட்டுக் குப்பையையும் கூட்டுகிறோம். ஆசிரியர்கள் நாங்கள் என்ன திறமா?

தவணைப் பரீட்சைப் புள்ளித்தாள். ஒரு பிள்ளை டெங்கில் கிடந்து மூன்று பாடம் எழுதவில்லை. ஒரு ஆசிரியர் அந்தக் கலத்தில் பூச்சியம் போடுவார். இன்னொருவர் வெற்றாக விடுவார். பூச்சியம் போட்டால் சராசரி ஒன்பதால் பிரியும், பிள்ளை கடைசி. வெற்றாக விட்டால் எக்ஸெலின் சராசரிச் சூத்திரம் அந்தக் கலங்களை எண்ணாமல் ஆறால் பிரிக்கும், பிள்ளை முதலாம் நிலைக்கும் வரலாம். பாண்டாஸும் அப்படித்தான். சராசரி எடுக்கச் சொன்னால் வெற்றைத் தாண்டிப் போகும். இரண்டு நிரலைக் கூட்டல் குறியால் கூட்டினால் வெற்று இருக்கும் இடத்தில் விடையும் வெற்றாகும். மொத்தம் எடுக்கும் கட்டளையால் கூட்டினால் வெற்றைப் பூச்சியமாக எடுக்கும். ஒரே வெற்றுக் கலம், மூன்று நடத்தை. ஆசிரியர் கலாசாலையில் மதிப்பீடு என்று ஒரு பாடம் முழுக்கப் படித்தோம். வெற்றும் பூச்சியமும் ஒன்றில்லை என்பதை வகுப்பறையில் நாங்களே மறக்கிறோம்.

நிலை போடும்போது இன்னொன்று. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மொத்தம். இருவரும் இரண்டாம் நிலையா? அடுத்தவர் மூன்றா, நாலா? பாண்டாஸ் சும்மா விட்டால் இருவருக்கும் இரண்டரை என்று போடும். "முதலில் வந்தவருக்கு முதல்" என்ற முறையைத் தெரிந்தால் அட்டவணையில் மேலே இருக்கும் பெயருக்கு இரண்டு, கீழே இருக்கும் பெயருக்கு மூன்று. இடாப்பில் ஆண் பிள்ளைகளை முதலில் எழுதும் வழக்கமுள்ள கலவன் பாடசாலையில் இதன் அர்த்தம் என்ன? சமமாக எடுத்த பெண் பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே. ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. எங்களில் ஒருவர் ஒரு பாடசாலையில் இதைத் தவணை தவணையாகச் செய்து வந்திருக்கிறார், ஒரு பிள்ளை அழுத பிறகுதான் கண்டுபிடித்தார். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். எங்களுக்கும் வெட்கம் இருக்கிறது.

இனி நீங்கள் சொல்லப்போகும் மூன்று மறுப்புக்கு இப்போதே பதில்.

முதலாவது: "ஏழைகளின் விபரத்தை எல்லோருக்கும் காட்டச் சொல்கிறீர்களா? மானம் இல்லையா?" நல்ல கேள்வி. நாங்கள் கேட்பது நேர் எதிர். இப்போது நடந்தது என்ன? 62 குடும்பத்தின் பெயரும் ஏழ்மை வரிசையும் வட்ஸ்அப்பில் லண்டன், கனடா வரை போனது. சூத்திரம் மட்டும் ஒளிந்திருந்தது. மானம் போனது, நியாயம் வரவில்லை. தலைகீழாக மாற்றுங்கள். பெயர்களைப் பூட்டி வையுங்கள். சூத்திரத்தைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் தொங்கவிடுங்கள். தன் விபரம் தனக்குத் தெரியும். சூத்திரமும் தெரிந்தால் ஒவ்வொரு உம்மாவும் வீட்டில் இருந்தே தன் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பா.

இரண்டாவது: "மக்களுக்குக் கணக்கு விளங்காது." இதைச் சொல்பவர்கள் ஸகாத்தை மறந்துவிட்டார்கள். நிஸாப் அளவு தாண்டி ஒரு வருடம் கையில் இருந்தால் நாற்பதில் ஒன்று. பதினாலு நூற்றாண்டாகச் சூத்திரம் வெளியில் இருக்கிறது. கொடுப்பவர் பணக்காரர், அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். ஆனால் எத்தனையில் ஒன்று என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விபரம் இரகசியம், சூத்திரம் பகிரங்கம். எங்களுக்குப் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை. வாரிசுரிமைப் பங்கைப் பின்னத்தில் பிரித்துப் பழகிய சமூகத்துக்கு ஒரு வகுத்தல் விளங்காதா?

மூன்றாவது: "சும்மா உழைக்கிற பொடியன்களை மனம் நோகச் செய்கிறீர்கள்." இல்லை. 2010இல் ரெயின்ஹார்ட், ரொகொஃப் என்ற இரண்டு பொருளியல் பேராசிரியர்கள் அரச கடனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டிச் செலவைக் குறைத்தார்கள். 2013இல் தோமஸ் ஹேர்ண்டன் என்ற பல்கலைக்கழக மாணவர் அந்த எக்ஸெல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரிச் சூத்திரத்தின் வீச்சு சில நிரைகளுக்கு முன்பே நின்றுவிட்டது. ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. வேறு குறைகளும் இருந்தன. அந்தப் பேராசிரியர்களுக்கு நடந்தது எங்கள் தம்பிமாருக்கு நடந்தால் அது கேவலம் இல்லை. கோப்பைக் கேட்டவருக்குக் கோப்பு கிடைத்தது என்பதுதான் அந்தக் கதையில் முக்கியம். எங்கள் தம்பியும் தந்தார். அதனால்தான் அவருக்குத் துஆச் செய்தோம்.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள் இல்லை. இதைச் செய்யுங்கள் என்று கேட்கிறோம்:

1. கேட்டு எழுதிய நிரல்களில் கை வைக்க வேண்டாம். அந்தக் கோப்பு அப்படியே இருக்கட்டும். கணித்த நிரல்களைப் பக்கத்தில் புதிதாகச் சேருங்கள்.

2. எக்ஸெலில் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் சூத்திரம் ஒளிந்திருக்கும். யாராவது ஒரு கலத்தில் கையால் ஒரு இலக்கத்தை அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. பைத்தனில் ஒரு வரி, எல்லா நிரைக்கும் ஒரே மாதிரி. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் எங்கள் பிள்ளைகள் பைத்தன் படிக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்து மறக்காமல் ஊருக்கு ஒரு பிரயோசனம் செய்யட்டும். பைத்தனில் மாறிகளின் பெயரையும் தமிழில் எழுதலாம். கோப்பைத் திறக்கும் வரிகளை விட்டால், மிச்சம் இப்படித்தான் இருக்கும்:

அட்டவணை["தலைக்கு_மாத_வருமானம்"] = அட்டவணை["மாத_வருமானம்"] / அட்டவணை["அங்கத்தவர்"]

இதை வாசிக்கத் தெரியாத ஆள் ஊரில் யார்?

3. நிரலின் பெயரிலேயே அளவைச் சொல்லுங்கள். "வருமானம்" போதாது. "மாத_வருமானம்_ரூபா". நாட்கூலிக்காரருக்கு எத்தனையால் பெருக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

4. வெற்றுக் கலம் கண்டால் கணக்கை நிறுத்துங்கள். பூச்சியம் போட வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். சோனகதெருவில் ஒரு வீட்டுக்கு நடந்து போக எத்தனை நிமிடம்?

5. பட்டியல் வெளியிட முன் மூன்று குடும்பத்தின் கணக்கைப் பேனையால் கடதாசியில் போட்டுப் பாருங்கள். ஒன்று மேலே இருப்பது, ஒன்று கீழே இருப்பது, ஒன்று நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் இருப்பது. மேலும் கீழும் பார்த்திருந்தாலே போன கிழமைப் பிழை இரண்டும் அகப்பட்டிருக்கும்.

6. சூத்திரத்தைப் பலகையில் ஒட்டுங்கள். முறைப்பாட்டுக்கு ஒரு கிழமை கொடுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

சூத்திரம் பகிரங்கமானால் எல்லோரும் சந்தோசப்படுவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. நாற்பது பேருக்குத்தான் காசு இருந்தால் நாற்பத்தொராவது குடும்பம் எப்போதும் இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். "உங்கள் கணக்கு இவ்வளவு வந்தது, இவருடைய கணக்கு இதைவிடக் குறைவு, காசு இவ்வளவுதான் இருந்தது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். ஏழைக்குக் கொடுக்கும் மரியாதையில் அதுவும் ஒரு பங்கு. சப்பாத்தை விட அது பெரியது என்று சில வேளை தோன்றுகிறது.

ராத்தாவின் நிரையை நாலு அங்கத்தவர் என்று திருத்தித் திரும்பக் கணித்துப் பார்த்தோம். ஐந்தாம் இடம். மேசன் நாநா 26 நாள் கணக்கில் நாற்பதுக்கு வெளியே, 15 நாள் கணக்கில் உள்ளே. அவருடைய முடிவை நாங்கள் எடுக்கவில்லை, அது குழுவின் வேலை. ஆனால் எந்த இலக்கத்தை எடுத்தார்கள் என்பதைப் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறோம். குழு யோசிப்பதாகச் சொன்னது. அல்ஹம்துலில்லாஹ்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் இரண்டு மடிக்கணினியோடு இருப்போம். உயர்தரப் பிள்ளைகள் வரட்டும், குழுத் தம்பிமாரும் வரட்டும், கணக்குக் கேட்க விரும்பும் உம்மாமாரும் வரட்டும். அறுபத்திரண்டு நிரையையும் பெயர் இல்லாமல், இலக்கத்தை மட்டும் வைத்து, திரையில் எல்லோரும் பார்க்கத் திரும்பக் கணிப்போம். பிழை எங்களில் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், திருத்துவோம்.

அதுவரைக்கும் யாராவது "கொம்பியூட்டர் போட்டது" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கொம்பியூட்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

வஸ்ஸலாம்.